ஊசி குத்தினால் கண் பவர் இறங்குமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. போன வருடம் இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.5 இருந்தது, இப்போது 2.25 ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இருக்கும் அக்குபஞ்சர் ஹீலர் ஒருவர், 30 சிட்டிங்கில் கண்ணாடியே தேவைப்படாது என்கிறார். மொத்தம் 15,000 ரூபாய், முன்கூட்டியே கட்டினால் 12,000. முதல் நாளிலிருந்தே கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டுமாம். அவரிடம் போன பிள்ளைகள் சுவர் அட்டையில் கடைசி வரி வரை படிக்கிற வீடியோக்களையும் காட்டினார். கட்டலாமா?
– ஒரு தாய், திருமங்கலம்

பதில்: கட்ட வேண்டாம். கண்ணாடியைக் கழற்றவும் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே பேச்சு உசிலம்பட்டியிலும் மேலூரிலும் பல வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது.

வளரும் பிள்ளைகளின் கிட்டப்பார்வை பெரும்பாலும் விழியின் நீளத்தால் வருவது. கண் உருண்டை முன்னும் பின்னுமாகக் கூடுதலாக நீண்டுவிடுகிறது. தூரத்துக் காட்சி விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே ஏறக்குறைய 2.5 முதல் 3 பவர் வரை ஏறிவிடும். உங்கள் மகளுக்கு ஒரே வருடத்தில் 0.75 ஏறியிருக்கிறது என்றால் விழி இன்னும் நீண்டுகொண்டிருக்கிறது என்றுதான் பொருள். அப்படி நீண்ட விழியைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் என்று நிரூபிக்கப்பட்ட ஊசியோ, மருந்தோ, பயிற்சியோ இன்றுவரை இல்லை. பெரிய கண் மருத்துவமனைகளும் ‘ஏறும் வேகத்தைக் குறைக்கலாம்’ என்றுதான் சொல்கின்றன.

அக்குபஞ்சரை யாரும் சோதித்தே பார்க்கவில்லை என்று நினைக்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2011-ல் இதே கேள்வியை எடுத்துக்கொண்டது: பிள்ளைகளுக்கு மைனஸ் ஏறுவதை அக்குபஞ்சர் மட்டுப்படுத்துமா? தேறிய ஆய்வுகள் இரண்டே இரண்டு. இரண்டும் தைவானில் நடந்தவை, இரண்டையும் சேர்த்துப் பங்கேற்றவர்கள் 131 பேர். அவற்றை வைத்துப் பலன் உண்டு என்ற முடிவுக்கு வர முடியவில்லை. அந்தக் கேள்விகூட வேகம் குறையுமா என்பதுதான். கண்ணாடியே வேண்டாம் என்ற நிலை அங்கே பேச்சிலேயே இல்லை.

இந்த முறை பிறந்த சீனாவையே பாருங்கள். கண்ணைச் சுற்றியுள்ள அக்குபஞ்சர் புள்ளிகளை விரலால் அழுத்தித் தேய்க்கும் பயிற்சியை 1963 முதல் அங்கே பள்ளிகளில் செய்துவருகிறார்கள். 2018-ல் அந்நாட்டு அரசு எடுத்த கணக்கில் சிறுவர்கள், வளரிளம் பருவத்தினரில் 53.6 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. ஊசியும் விரல் அழுத்தமும் ஒன்றல்லதான். ஆனாலும், புள்ளிகளைத் தூண்டினால் மைனஸ் போய்விடும் என்று சொல்பவர் இதற்கு ஒரு விளக்கம் தர வேண்டும்.

அப்படியென்றால் அந்த வீடியோக்கள் பொய்யா? பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரே அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தால் பிள்ளைகளுக்கு எழுத்துகள் மனப்பாடம் ஆகிவிடும். கண்ணை இடுக்கிப் பார்த்தால் இரண்டு வரி கூடுதலாகத் தெரியும். விளக்கு பிரகாசமாக இருந்தாலும், ஓரடி கிட்டே நின்றாலும் தெரியும். கண்ணாடி இல்லாமல் சில வாரம் இருந்தால் மங்கலாகத் தெரிவதையே மூளை பழகிக்கொண்டு ஊகித்துப் படிக்கத் தொடங்கும். இதில் எதிலும் விழியின் நீளம் துளிகூட மாறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு, இதுதான் பெற்றோரை நன்றாகக் குழப்புவது. மணிக்கணக்கில் போனையும் புத்தகத்தையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கும் சில பிள்ளைகளுக்குக் கண்ணின் குவியத்தை மாற்றும் தசை இறுகியபடியே நின்றுவிடும். அப்போது சோதித்தால் இல்லாத மைனஸ் இருப்பதாகக் காட்டும், அல்லது இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். தசை தளர்ந்தால் அது தானாகவே இறங்கும். அந்த நேரத்தில் யாரிடம் போயிருந்தாலும் அவர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். அதனால்தான் சொட்டு மருந்து விட்டு, அந்தத் தசையைத் தளர்த்திவிட்டு, பிறகு பவர் பார்க்க வேண்டும். உங்கள் மகளுக்கு அப்படிப் பார்த்தார்களா, கண்ணாடிக் கடை மெஷினில் மட்டும் பார்த்தார்களா? கடையில் மட்டும்தான் என்றால் முதல் வேலை அதுதான். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் கண் பிரிவுக்குப் போகலாம். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் போகலாம். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை நம் ஊரில் இருப்பது நமக்குப் பெரிய வசதி. விழியின் நீளத்தையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். வலியில்லாத சோதனை, சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

பிறகும் அந்த ஹீலரிடம் போகத்தான் வேண்டும் என்று வீட்டில் யாராவது வற்புறுத்தினால், அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று மட்டும் கேளுங்கள்: “30 சிட்டிங் முடிந்ததும் இதே ஆஸ்பத்திரியில், இதே மாதிரி சொட்டு விட்டுப் பார்த்து, பவர் குறையவில்லை என்றால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தருவீர்களா?” எழுதித் தர மறுத்தால் உங்கள் சந்தேகம் தீர்ந்தது.

கண்ணாடியைக் கழற்றச் சொன்னதுதான் எனக்கு உண்மையில் கோபம் வரவைத்தது. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்பது நம் ஊரில் ஊறிப்போன நம்பிக்கை. மலேசியாவில் நடந்து 2002-ல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே பவர் குறைத்துக் கண்ணாடி போட்ட பிள்ளைகளுக்கு, சரியான கண்ணாடி போட்டவர்களைவிட மைனஸ் வேகமாக ஏறியது. மைனஸ் 2.25 உள்ள பிள்ளைக்குக் கண்ணாடி இல்லாமல் ஏறக்குறைய 45 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாமே மங்கல்தான். கரும்பலகையும் தெரியாது, ரோட்டைக் கடக்கும்போது வருகிற பஸ்ஸின் எண்ணும் தெரியாது.

அவர் ஊசி போடுபவரா, தொடு சிகிச்சைக்காரரா என்று நீங்கள் எழுதவில்லை. தொடு சிகிச்சை என்றால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, போவது பணமும் காலமும். ஊசி என்றால் சில புள்ளிகள் கண் குழியின் ஓரத்திலேயே இருக்கின்றன. அங்கே ஊசி தவறி விழியைத் துளைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அந்த 12,000 ரூபாயை வேறு எதற்குச் செலவழிக்கலாம்? கண் மருத்துவரிடம் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து பற்றிக் கேளுங்கள். ஹாங்காங்கில் 4 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடத்தில் மைனஸ் ஏறும் வேகம் 0.05 சதவீத மருந்தில் 67 சதவீதமும், 0.01 சதவீத மருந்தில் 27 சதவீதமும் குறைந்தது. எந்த அளவு பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், கடையில் நீங்களாக வாங்கக் கூடாது. மைனஸ் ஏறும் வேகத்தைக் குறைப்பதற்கென்றே வடிவமைத்த கண்ணாடி லென்ஸ்களும் வந்துவிட்டன, விலை சற்று அதிகம். காசில்லாத வழி வெளிச்சம். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் 30.4 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது, மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். உங்கள் மகளுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களுக்கு இது முக்கியம். பள்ளி விட்டதும் நேரே டியூஷன், பிறகு ட்யூப்லைட் அடியில் வீட்டுப்பாடம் என்று பொழுதைப் பூட்டிவிடாதீர்கள்.

12 வயது என்பது இன்னும் ஏறுகிற வயது. மைனஸ் 6-ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை விலகல், கண் நீர் அழுத்த நோய் ஆகியவற்றுக்கான ஆபத்து நன்றாகக் கூடுகிறது. அதனால்தான் 30 சிட்டிங் என்று காலத்தை வீணாக்க வேண்டாம் என்கிறேன்.

கேள்வி: எனக்கு 20 வயது, பவர் மைனஸ் 1.75. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் ஆக வேண்டும் என்று ஆசை. அக்குபஞ்சரில் 6/6 வந்துவிடும் என்கிறார்கள். லேசர் செய்யலாமா?
– ஒரு வாசகர், மேலூர்

பதில்: அந்தப் பணிக்கு ஏ-1 மருத்துவத் தரம் வேண்டும்: கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6, அதாவது குறையில்லாத தூரப் பார்வை. அக்குபஞ்சர் உங்களை அங்கே கொண்டுபோகாது, லாசிக் என்னும் லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் அந்தப் பணிக்கு எடுப்பதில்லை. இரண்டுக்கும் பணம் கட்டாதீர்கள் தம்பி. ஏ-3, பி-1 போன்ற தரங்கள் கேட்கும் ரயில்வே பணிகளில் கண்ணாடியோடு தேறலாம், அங்கே லென்ஸ் பவருக்குத்தான் உச்சவரம்பு உண்டு. அறிவிப்பில் ஒவ்வொரு பணிக்கும் நேரே மருத்துவத் தரம் போட்டிருப்பார்கள். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பட்டியலைத்தான் முதலில் பாருங்கள். வருத்தமான பதில்தான், தெரியும். தேர்வெல்லாம் எழுதித் தேறி மருத்துவப் பரிசோதனையில் வெளியே வருவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: பையனுக்காக 18,000 ரூபாய் கட்டி அக்குபஞ்சர் சிட்டிங் எல்லாம் முடிந்துவிட்டது. பவர் குறையவில்லை, கூடியிருக்கிறது. “உணவுக் கட்டுப்பாடு சரியில்லை” என்கிறார்கள். பணம் திரும்ப வருமா?
– ஒரு தந்தை, வாடிப்பட்டி

பதில்: முயன்று பார்க்க வழி இருக்கிறது. நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரம், ரசீது அல்லது ஜிபே பதிவு, முன்னும் பின்னும் எடுத்த கண் பரிசோதனைச் சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ‘குணமாகும்’ என்று அவர்கள் சொன்னது எழுத்திலோ குரல் பதிவிலோ இருந்தால் அதுதான் உங்களுக்குப் பலம். முதலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை.

விளம்பரத்தைப் பற்றித் தனியாகவும் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, மக்களை ஏமாற்றும் விளம்பரம் குறித்து மாவட்ட ஆட்சியரிடமே எழுதிக் கொடுக்கலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். உங்கள் பணம் வந்தாலும் வராவிட்டாலும் இதைச் செய்யுங்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைக்காக.

ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு, எனவே தள்ளிப் போடாதீர்கள். பையனைக் கண் மருத்துவரிடம் காட்டுவதற்கு இந்த வாரமே டோக்கன் போடுங்கள்.