சாந்தோரினித் திராட்சை கம்பத்தில் வருமா?

கேள்வி: கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடுகிறேன் ஐயா. கப்பலில் வேலை பார்க்கும் என் மகன், கிரேக்க நாட்டின் சாந்தோரினித் தீவில் பந்தலும் பாசனமும் இல்லாமல், தரையிலேயே கூடை போல ஒயின் திராட்சை வளர்ப்பதைப் பார்த்திருக்கிறான். அடுத்த முறை குச்சி கொண்டுவரச் சொல்லலாமா? என் மானாவாரி நிலத்தில் வருமா?

பதில்: குச்சி வேண்டவே வேண்டாம். இறக்குமதி அனுமதியும் அந்நாட்டின் பயிர் நலச் சான்றும் இல்லாமல் நடவுக் குச்சி கொண்டுவருவதை 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை தடுக்கிறது. குச்சியோடு ஒரு நச்சுயிரி வந்து சேர்ந்தால் பாதிப்பு உங்கள் தோட்டத்தோடு நிற்காது.

உங்கள் மகன் பார்த்தது அசிர்டிகோ என்ற வெள்ளைத் திராட்சையாக இருக்கும். அந்தத் தீவின் முக்கிய இரகம் அதுதான். கொடியை வளையமாகப் பின்னித் தரையோடு வைத்து, குலைகள் உள்ளே தொங்கும்படி விடுகிறார்கள். இதற்கு 'கூலூரா' என்று பெயர். கோடையில் வீசும் கடுங்காற்றும் வெயிலும் குலையைத் தாக்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஆண்டு மழை 400 மி.மீ.க்கும் குறைவு, அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில் பெய்துவிடும். காய் முற்றும் மாதங்களில் இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை எரிமலைச் சாம்பல் மண் பிடித்துவைத்துக்கொள்கிறது. அந்த மண்ணில் களி மிகக் குறைவு என்பதால், 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலாக்சரா வேர்ப்பூச்சி அங்கே காலூன்றவில்லை. அதனால் கொடிகள் இன்றும் வேறு வேர்ச்செடியில் ஒட்டப்படாமல் சொந்த வேரில் நிற்கின்றன. பல பத்தாண்டுகளில் கூடை மூப்படைந்து காய்ப்பு குறைந்தால், மேலே வெட்டிவிட்டுப் பழைய வேரிலிருந்தே புதுத் துளிர் எடுக்கிறார்கள். அருமையான வேலை அது!

ஆனால் இவ்வளவும் வறண்ட கோடைக்கும், இலை உதிர்த்துக் கொடி உறங்கும் குளிர்காலத்துக்கும் பொருந்திய முறை. உங்கள் ஊரில் கொடி உறங்குவதில்லை. ஆண்டுக்கு இரண்டு கவாத்து செய்கிறீர்கள். இரண்டு பருவமழையும் உண்டு. அந்த ஈரத்தில் தரையோடு கிடக்கும் இலையை அடிச்சாம்பல் நோய் விடாது. உங்கள் பந்தல் காற்றோட்டத்துக்காக வந்தது; அதை மாற்றாதீர்கள்.

மற்ற கிரேக்க இரகங்களும் அப்படித்தான், அந்தந்த மண்ணோடு பிணைந்தவை. வடக்கே நௌசாவின் சினோமாவ்ரோ தாமதமாகப் பழுக்கும். புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். பெலொப்பொனீசின் நெமியாவில் அயோர்யீட்டிகோ மென்மையான சிவப்பு ஒயினுக்கு ஆகிறது. மந்தினியா மேட்டுநிலத்தில் மோஸ்கோஃபிலேரோ மணக்கும். பாட்டிலில் நௌசா அல்லது நெமியா என்று ஊர்ப் பெயர் இருந்தால், உள்ளே இருப்பது அந்தந்த ஊர் இரகம் மட்டுமே, சட்டம் அப்படி. மலகூசியா என்ற வெள்ளை இரகம் ஏறத்தாழ அழிந்தே போயிருந்தது. பேராசிரியர் லோகோதெடிஸ் அதைத் தேடி எடுத்துக் காத்தார். 1970-களில் ஒயின் தயாரிப்பாளர் யெரோவசிலியூ அதில் ஒயின் செய்து காட்டினார்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது வேறோர் இடத்தில் இருக்கிறது. உங்கள் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் இரகம். கிரேக்கத்தின் தெசலி பகுதியிலுள்ள டிர்னாவோசிலும் அதையே பயிரிட்டு, பழமாகவும் விற்கிறார்கள், சிப்புரோ என்ற சாராயமும் வடிக்கிறார்கள். மகன் மறுபடியும் போனால், குலை நெருக்கத்தை எப்படிக் குறைக்கிறார்கள், எந்த இனிப்பு அளவில் அறுக்கிறார்கள் என்று அங்கே கேட்டு வரட்டும். மானாவாரி நிலத்தில் திராட்சை வேண்டாம். சொட்டுநீருக்கு வழி பிறந்தால் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டிய பன்னீர் கன்றுகளை நடுங்கள். அதற்கு முன் மண்ணையும் நீரையும் உப்புக்காகப் பரிசோதித்துவிடுங்கள்.