கட்டணம் செலுத்தக் கனடாவில் கணக்கு வேண்டுமா?

கேள்வி: கனடாவில் ஒரு கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மாவிடம் தபாலகத்தில் தொடங்கிய தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகம் மட்டுமே உண்டு. அட்டை எதுவும் இல்லை. கல்வி அனுமதிக்கான விண்ணப்பக் கட்டணம் கட்டக் கனேடிய வங்கிக் கணக்கு அவசியம் என்றும், தமது கணக்கில் பணத்தை வைப்புச் செய்தால் தாமே கட்டித் தருவதாகவும் நகரத்து முகவர் ஒருவர் கூறுகிறார். ரொறொன்ரோவில் இருக்கும் மாமாவோ, தாம் கட்டுவதாகச் சொல்கிறார். வேறொருவர் அட்டையால் கட்டினால் விண்ணப்பம் பாதிக்கப்படுமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: பாதிக்கப்படாது. கனேடிய வங்கிக் கணக்கும் தேவையில்லை. கல்வி அனுமதிக்கான 150 டொலரையும், கைவிரல் அடையாளமும் நிழற்படமும் எடுப்பதற்கான 85 டொலரையும் சேர்த்து 235 கனேடிய டொலரை, இணையவழி விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் கடைசிப் படியில் அட்டை மூலம் செலுத்த வேண்டும். விசா, மாஸ்டர்கார்ட், அமெரிக்கன் எக்ஸ்பிரஸ், ஜேசிபி, யூனியன்பே ஆகியவற்றில் ஒன்றின் அடையாளம் பொறித்த அட்டையாக இருந்தால், அதை எந்த நாட்டு வங்கி வழங்கியிருந்தாலும், அது யார் பெயரில் இருந்தாலும் போதுமானது. இரண்டாவது தொகையை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் கட்டுவோர் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால், கைவிரல் அடையாளம் எடுக்கும் கொழும்பு விஎஃப்எஸ் விசா விண்ணப்ப நிலையத்துக்குச் செல்வதற்கான அறிவித்தல் கடிதம் தாமதமாகும். இத்தொகையைக் கட்டியவர்கள் அந்த நிலையத்தில் கைவிரல் அடையாளத்துக்காக மீண்டும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மாமா கட்டுவதே உங்களுக்கு எளிது. ஆனால், நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பதுபோல, அட்டையின் முன்புறத்தையும் பின்புறத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். நீங்கள் கட்டணப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் தொலைபேசியில் இலக்கங்களைச் சொல்லச் சொல்லப் பதிவு செய்யலாம். அவருடைய வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் சில நிமிடங்களே செல்லுபடியாகும் என்பதால், அவர் விழித்திருக்கும் வேளையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரொறொன்ரோ நேரம் நமக்குக் கோடையில் ஒன்பதரை மணித்தியாலமும் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலமும் பிந்தியது. பணம் செலுத்தியதும் கிடைக்கும் பற்றுச்சீட்டை அப்போதே சேமித்து வையுங்கள்.

இங்கிருந்தே கட்ட விரும்பினால், அம்மாவின் கணக்குக்கு டெபிட் அட்டை கிடைக்குமா என வங்கிக் கிளையில் விசாரியுங்கள். அட்டை கையில் வந்தால் மட்டும் போதாது. வெளிநாட்டு இணையவழிக் கொடுப்பனவுக்கு அதில் அனுமதி உண்டா, ஒருநாள் உச்சவரம்பு எவ்வளவு என்பவற்றையும் கேட்க வேண்டும். வங்கி தன் மாற்று விகிதத்தில் ரூபாயைக் கழிப்பதோடு முத்திரைத் தீர்வையும் சேருமாதலால், கணக்குப்போட்ட தொகையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருப்பு வைத்திருங்கள்.

முகவர் இரண்டு விடயங்களைக் குழப்புகிறார், அல்லது வேண்டுமென்றே குழப்புகிறார் என்பது என் எண்ணம். வங்கிக் கணக்கு முக்கியமாவது கட்டணத்தில் அல்ல. படிப்புக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் போதிய பணம் உங்களிடமோ உங்களுக்கு உதவுபவரிடமோ இருக்கிறது என்று காட்டுவதில்தான். அங்கும் இலங்கை வங்கிக் கூற்றைக் காட்டலாம். மேலும், கூலி வாங்கிக்கொண்டு கனேடிய குடிவரவு விண்ணப்பத்துக்கு ஆலோசனை தருபவர் அந்நாட்டுச் சட்டத்தரணியாகவோ உரிமம் பெற்ற ஆலோசகராகவோ இருக்க வேண்டும். அவர் உங்கள் பிரதிநிதி என்பதை விண்ணப்பத்திலும் அறிவிக்க வேண்டும். அந்த உரிமத்தைக் காட்ட இயலாதவரின் கணக்கில் ஒரு ரூபாயும் போடாதீர்கள்.

கேள்வி: கணவர் இலண்டனில் இருக்கிறார். துணைவிக்கான விசாவுக்கு நான் விண்ணப்பிக்கிறேன். பிரித்தானிய அரச மருத்துவ சேவைக்காக விசாவுடன் அறவிடப்படும் சுகாதார மிகைக்கட்டணத்தை நான் இங்கிருந்து கட்ட வேண்டுமா? விசா மறுக்கப்பட்டால் அந்தப் பணம் போய்விடுமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: உங்கள் விண்ணப்பத்துக்காக அவரே தம் அட்டையால் கட்டலாம். இக்கட்டணம் பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண். 33 மாத விசாவை மூன்று ஆண்டுகளாகக் கணக்கிடுவதால், 3,105 பவுணை விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும்போதே முழுமையாகச் செலுத்த வேண்டும். அட்டையின் கடன் எல்லை இதற்குக் குறைவாக இருப்பதுதான் பெரும்பாலும் இடையூறாகிறது. ஆகவே முதலில் வங்கியுடன் பேசி எல்லையை உயர்த்தச் சொல்லுங்கள். விசா மறுக்கப்பட்டால் சுகாதார மிகைக்கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும். விசா விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. திரும்பும் பணம் கட்டிய அட்டைக்கே செல்லும் என்பதால், முடிவு தெரியும்வரை கணவர் அந்த அட்டையை ரத்துச் செய்யாமல் வைத்திருக்கட்டும்.