ஒரு கால் மெலிந்ததுபோல் தெரிகிறது, நரம்பு நோயா?

கேள்வி: எனக்கு வயது 23, ஊர் பெரியகல்லாறு. மூன்று மாதத்துக்கு முன் குளித்துவிட்டு வரும்போது வலது கெண்டைக்கால் இடதைவிட மெலிந்திருப்பதுபோல் பட்டது. அம்மாவின் தையல் நாடாவால் அளந்தேன். இடது 35.5, வலது 34.5 சென்டிமீட்டர். அன்றிலிருந்து தினமும் அளக்கிறேன். படுத்தால் தசை துடிக்கிறது. ஜிம்மில் இடது கை முந்திக் களைத்துவிடுகிறது. இணையத்தில் தேடினால், தசையை இயக்கும் நரம்புகள் அழிந்துபோகும் மோட்டார் நியூரோன் நோய் என்று வருகிறது. இரவில் வலது காலில் மட்டும் நின்று 50 தடவை துள்ளிப் பார்க்கிறேன். முடிகிறது, ஆனாலும் பயம் போகவில்லை. கிரிக்கெட்டையும் விட்டுவிட்டேன். ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: தம்பி, மூன்று மாதமாக நீங்கள் சரியாக நித்திரை கொண்டிருக்க மாட்டீர்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முதலில் அந்த 50 தடவையைப் பற்றிச் சொல்கிறேன். கெண்டைக்கால் தசைக்குப் பலம் இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் கிளினிக்கில் செய்விப்பது, ஒற்றைக்காலில் நின்று குதிகாலைச் சில தடவை உயர்த்தச் சொல்வது மட்டும்தான். நரம்பு பழுதடைந்து தேய்ந்த தசையால் அதுவே சிரமம். நீங்கள் சந்தேகப்படும் காலிலேயே 50 தடவை துள்ளுகிறீர்கள்.

இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும் உடம்பை என் தொழிலில் நான் அதிகம் கண்டதில்லை. கெண்டைக்காலில் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் சாதாரணமானது. கையிலும் அப்படித்தான். காப்புக் கடையில் கேட்டுப் பாருங்கள், இடது கையில் சுலபமாக ஏறும் காப்பு வலது கையில் இறுக்கிப் பிடிக்கும். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு வலது கையின் பிடிபலம் இடதைவிடச் சுமார் 10 வீதம் கூடுதலாக இருப்பது வழக்கம். இடக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்கும், ஏனென்றால் கதவுப் பிடியிலிருந்து கத்தரிக்கோல் வரை வலக்கைக்காரருக்கென்றே செய்த உலகத்தில் அவர்கள் இரண்டு கையையும் பழக்கிக்கொள்கிறார்கள். ஜிம்மில் உங்கள் இடது கை முந்திக் களைப்பதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம். வாவியில் வீச்சுவலை எறியும் ஒருவரின் இரண்டு தோளையும் பின்னால் நின்று பார்த்திருக்கிறீர்களா? அந்த வித்தியாசத்தை யாரும் நோய் என்று சொல்வதில்லை.

நாடாவும் பொய் சொல்லும். கெண்டைக்கால் மேலே பருத்துக் கீழே ஒடுங்குவது. நாடா இரண்டு விரல் கீழே இறங்கினாலே ஒரு சென்டிமீட்டர் மாறிவிடும். நின்று அளந்தால் ஒன்று, இருந்து அளந்தால் இன்னொன்று. பொழுதுபட்டால் கால் கொஞ்சம் வீங்கும். நாங்கள் அளப்பதென்றால் முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பு முட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு காலிலும் அடையாளமிட்டு அளப்போம். அப்போதும் ஒரு நாள் அளவை வைத்து எதையும் தீர்மானிப்பதில்லை. முன்பு எப்போதாவது வலது கணுக்கால் சுளுக்கியதா, பத்துப் போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பழைய காயத்துக்குப் பிறகு அந்தக் கால் வருடக்கணக்கில் சற்று மெலிந்தே நிற்கக்கூடும்.

இனி அந்தத் துடிப்பு. கண் துடித்தால் வீட்டில் பெரியவர்கள் சகுனம் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரிக்கு ஓட மாட்டார்கள். காலில் துடிப்பதும் அதேபோன்ற ஒன்றுதான். சுகதேகிகளில் பெரும்பாலானோருக்கு எப்போதாவது தசை துடிக்கும். நித்திரைக் குறைவு, கடும் தேநீர், கோப்பி, தசை களைக்கும் அளவுக்கு உடற்பயிற்சி, பயம் எல்லாம் அதைக் கூட்டும். இரவில் 50 தடவை துள்ளிவிட்டு, பயத்தோடு படுத்து, காலையே கவனித்துக்கொண்டிருந்தால் துடிக்காமல் என்ன செய்யும்?

மோட்டார் நியூரோன் நோய் பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் வருவது. மேலை நாட்டுக் கணக்கில் ஆண்டுக்கு ஒரு இலட்சம் பேரில் ஏறத்தாழ 2 பேருக்குப் புதிதாகக் காணப்படுகிறது. அது துடிப்பை மட்டும் காட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருப்பது வழக்கமல்ல, கூடவே செயலைப் பறிக்கும். பொத்தான் பூட்ட முடியாது, திறப்பைத் திருப்ப முடியாது, நடக்கும்போது செருப்பு காலை விட்டுக் கழன்று விழும், பேச்சுக் குளறும். இவை மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும். உங்கள் கடிதத்தில் இதில் ஒன்றுகூட இல்லை.

உங்கள் வயது இளைஞர்களுக்கென்று ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக இருந்தவனாக மாட்டேன். ஜப்பானில் 1959இல் ஹிராயாமா என்ற வைத்தியர் விவரித்த ஒரு நோய் இருக்கிறது. 15 முதல் 25 வயதுக்குள் பெரும்பாலும் ஆண்களுக்கு ஒரு கையின் விரல்களும் முன்கையும் மெலிந்து பலமிழக்கும். இலங்கையிலும் பதிவாகியிருக்கிறது. சில வருடத்தில் தானாக நின்றுவிடும், ஆனால் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் கழுத்துப் பட்டி போட்டு இழப்பைக் குறைக்கலாம். இது கையில் வருவது, உங்கள் காலோடு சம்பந்தமில்லை. குளிரில் விரல் நிமிராமல் கை மெலிகிற தம்பிமார் வேறு யாரும் இதை வாசித்தால் தாமதிக்க வேண்டாம். அதேபோல் ஒரு கால் திடீரென்று வீங்கி வலித்தால், பாதம் இழுபட்டால், மரத்துப் போனால், சிறுநீர் கட்டுப்படாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீங்கள் ஸ்கேன் எடுக்க வேண்டாம். களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் ஒரு வைத்தியரிடம் ஒரே ஒரு தடவை காலைக் காட்டுங்கள். சுத்தியலால் தட்டி, பலம் பார்த்து, தொட்டு உணர்ச்சி பார்த்தால் போதும். அவர் சரி என்றால் இன்னொரு வைத்தியரிடம் போகாதீர்கள். இரண்டாவது ஆள் சரி என்று சொன்னதும் உங்களுக்கு மூன்றாவது ஆளைப் பார்க்கத் தோன்றும். நாடாவை இன்றைக்கே அம்மாவின் தையல் மெசின் லாச்சிக்குள் வைத்துவிடுங்கள். துள்ளிப் பார்ப்பதையும், "அம்மா, கால் மெலிஞ்சிருக்கா?" என்று கேட்பதையும் நிறுத்துங்கள். முதல் நாலைந்து நாள் பயம் கூடும், பிறகு இறங்கும். மைதானத்துக்குத் திரும்பப் போங்கள்.

ஒரு மாதம் இப்படி இருந்தும் பயம் விடவில்லையென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு வாருங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழையுங்கள். நோய்ப்பயம் என்பதும் எங்களிடம் மருத்துவம் உள்ள ஒன்று. பேசிப் பேசியே பலருக்குக் குணமாகியிருக்கிறது, சிலருக்குக் கொஞ்சக் காலம் மாத்திரையும் தேவைப்படும். அங்கே வரும்போது, நாடாவால் தினமும் அளந்த விஷயத்தை வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லுங்கள்.