மோதினவன் கட்டுவான்னு காத்திருக்காதீங்க தம்பி

தம்பி, உங்க கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். டல்லாஸ் வந்து அஞ்சு மாசம். சிக்னல்ல நின்ன உங்க காரைப் பின்னாடி வந்தவன் இடிச்சுட்டான். மனைவிக்குக் கழுத்து வலி, ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி, ஸ்கேன், ராத்திரியே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. மூணு வாரம் கழிச்சு ஒண்ணு ஒண்ணா நாலு பில் வந்திருக்கு. "தப்பு முழுக்க அவன் மேலன்னு போலீஸ் ரிப்போர்ட்லயே இருக்கு, அப்புறம் ஏன் எங்க பேருக்கு பில்? கட்டலைன்னா விசாவுக்குப் பிரச்சினை வருமா?" இதுதானே கேட்டிருக்கீங்க.

விசா பயத்தை முதல்ல இறக்கி வைங்க. ஆஸ்பத்திரி பாக்கிங்கிறது சிவில் கடன், உங்க ஹெச்1பி வேலை விசாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அந்த பயத்துல கிரெடிட் கார்டை எடுத்து நாலு பில்லையும் கட்டிடாதீங்க. நம்ம ஆளுங்க பாதிப் பேர் அதைத்தான் செய்யறாங்க. மீதிப் பாதிப் பேர் "மோதினவன் கட்டட்டும்"னு கவரைப் பிரிக்காமலே டிராயர்ல போட்டுடறாங்க. நான் அந்த ரெண்டாவது கூட்டம்.

2011-ல ஃப்ரீவே எக்ஸிட்ல என் காரை ஒருத்தர் இடிச்சார். தப்பு அவர் மேலதான், அவரே ஒத்துக்கிட்டார். நான் நிம்மதியா இருந்துட்டேன். ஒரு மாசம் கழிச்சு என் ஹெல்த் இன்சூரன்ஸ்லேர்ந்து ஒரு பக்கக் கடுதாசி வந்துச்சு. இந்தக் காயம் விபத்தாலயா, வேலை செய்யற இடத்துலயா, வேற யாராவது பொறுப்பா, அவங்க இன்சூரன்ஸ் எதுன்னு நாலஞ்சு கேள்வி. விளம்பரம்னு நினைச்சுக் குப்பையில போட்டேன். அந்தத் தாளுக்குப் பதில் வர்ற வரைக்கும் அவங்க என் கிளெய்மை நிறுத்தி வச்சுட்டாங்க. ஆஸ்பத்திரி முழு விலையையும், 6,400 டாலர், என் பேருக்கே அனுப்பினாங்க. எட்டாவது மாசம், பாக்கி வசூல் பண்ற கலெக்‌ஷன் ஏஜென்சிலேர்ந்து போன். அப்புறம் அழுதுக்கிட்டே அந்தத் தாளைத் திரும்ப வாங்கி நிரப்பி அனுப்பினதும், அதே பில் இன்சூரன்ஸோட ஒப்பந்த விலைக்கு இறங்கி 1,900 ஆச்சு. என் கையிலேர்ந்து போனது டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் தர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நாம கட்டற பங்கு, அது மட்டும். ஒரு தாளை நிரப்பாததுக்கு எட்டு மாசத் தூக்கம் போச்சு. உங்களுக்கும் அந்தக் கடுதாசி வரும், இல்லைன்னா ஏற்கெனவே வந்திருக்கும். தேடிப் பாருங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எதிராளியோட இன்சூரன்ஸ், பில் வர வரக் கட்டாது. வைத்தியமெல்லாம் முடிஞ்சப்புறம் மொத்தமா ஒரே தொகை பேசி, "இனிமே எதுவும் கேக்க மாட்டேன்"னு ரிலீஸ்ல கையெழுத்து வாங்கிட்டுத்தான் செக் தரும். அதுக்கு மாசக்கணக்கா ஆகும், சில சமயம் வருஷம்கூட. ஆஸ்பத்திரி அதுவரைக்கும் காத்திருக்காது, காத்திருக்கணும்னு அவங்களுக்குக் கட்டாயமும் இல்ல. வைத்தியம் பாத்துக்கிட்டது உங்க மனைவி, அதனால பில் அவங்க பேர்ல வரும். அந்த இடைவெளியில யார் பணம் போடறதுன்னு வரிசை கட்டறதுதான் உங்க வேலை.

முதல் ஆள் உங்க சொந்த ஆட்டோ இன்சூரன்ஸ். தப்பு நம்ம மேல இல்லையே, நாம ஏன் நம்ம இன்சூரன்ஸைக் கூப்பிடணும்னு தயங்காதீங்க. உங்க பாலிசியில பிஐபி, அதாவது பெர்சனல் இஞ்சுரி புரொடெக்‌ஷன், இருக்கான்னு பாருங்க. யார் தப்பா இருந்தாலும் அது உங்களுக்கும் குடும்பத்துக்கும் கார்ல கூட வந்தவங்களுக்கும் வைத்தியச் செலவு தரும், வேலைக்குப் போக முடியாம இழந்த சம்பளத்துல 80 சதவீதமும் தரும். டெக்சாஸ்ல இது சாதாரணமா 2,500 டாலர்ல தொடங்கும், 5,000, 10,000னு கூட்டியும் வாங்கலாம். முக்கியமானது என்னன்னா, இந்த மாநிலத்துல பிஐபி வேண்டாம்னு நீங்க எழுத்துல சொல்லியிருந்தாத்தான் அது இல்லாம போகும். ஆன்லைன்ல பாலிசி எடுக்கறப்போ விலை குறையட்டும்னு எதையோ கிளிக் பண்ணியிருக்கலாம். அதனால "உங்களுக்கு பிஐபி இல்லை"ன்னு போன்ல சொன்னா, "நான் வேண்டாம்னு கையெழுத்துப் போட்ட பேப்பரை அனுப்புங்க"ன்னு கேளுங்க. பேப்பர் அவங்ககிட்ட இல்லைன்னா கவரேஜ் உண்டுன்னுதான் அர்த்தம். இன்னொண்ணு, ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்கறப்போ அவங்களும் கார்ல இருந்தா, இங்க ஹெல்த் இன்சூரன்ஸே இல்லாத அவங்களுக்கும் இது உதவும். அடுத்த தடவை பாலிசி புதுப்பிக்கறப்போ பிஐபியை மட்டும் கஞ்சத்தனம் பண்ணிக் குறைக்காதீங்க.

ரெண்டாவது ஆள் உங்க ஆபீஸ் ஹெல்த் இன்சூரன்ஸ். நாலு பில்லையும் மேசையில பரப்பி வச்சுப் பாருங்க. ஒண்ணு ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு, ஒண்ணு எமர்ஜென்சி டாக்டர் குழுவுக்கு, ஒண்ணு ஸ்கேனைப் படிச்ச ரேடியாலஜிஸ்டுக்கு, ஒண்ணு ஆம்புலன்ஸுக்கு. நாலு பேரும் தனித்தனி. ஆஸ்பத்திரிக்கு இன்சூரன்ஸ் கார்டு காட்டினா எல்லாருக்கும் போயிடும்னு நினைச்சோம், போகலை. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு மெம்பர் நம்பரைக் கொடுத்து, "என் ஹெல்த் இன்சூரன்ஸுக்கு அனுப்புங்க"ன்னு சொல்லணும். "இது கார் விபத்து, நாங்க ஹெல்த் இன்சூரன்ஸுக்கு அனுப்ப மாட்டோம்"னு சில ஆஸ்பத்திரியில முறைப்பாங்க. முழு விலையையும் எதிராளி பணத்துலேர்ந்து எடுத்துக்கலாங்கிற கணக்கு அது. விடாதீங்க, சூப்பர்வைசரைக் கேளுங்க. ஹெல்த் இன்சூரன்ஸையும் லைன்ல சேர்த்து மூணு பேரா பேசினா சட்டுனு வழிக்கு வருவாங்க.

எமர்ஜென்சி டாக்டர் நெட்வொர்க்ல, அதாவது உங்க இன்சூரன்ஸோட விலை ஒப்பந்தம் போட்டவங்க லிஸ்ட்ல, இல்லைன்னு தனியா தீட்டியிருந்தா, 2022 ஜனவரி 1 முதல் நோ சர்ப்ரைசஸ் சட்டம் இருக்கு. எமர்ஜென்சியில நெட்வொர்க் விலைப்படி உங்க பங்கு எவ்வளவோ அவ்வளவுதான் கேக்கலாம். ரோட்டுல ஓடற ஆம்புலன்ஸை மட்டும் அந்த மத்திய அரசுச் சட்டம் விட்டுடுச்சு. ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸ் உள்ள இருக்கு, வேன் வெளிய இருக்கு. என்ன கணக்கோ! ஆம்புலன்ஸ் பில்லை பிஐபி பணத்துல அடைக்கறது என் யோசனை.

இஓபின்னு, எதுக்கு எவ்வளவு தந்தாங்கன்னு கணக்குச் சொல்ற ஒரு தாள் ஹெல்த் இன்சூரன்ஸ்லேர்ந்து வரும். மேல "இது பில் அல்ல"ன்னு எழுதியிருக்கும், நம்ம வீட்டுல அதைப் பாத்துதான் முதல் அலறல் வரும். அதுல கடைசிக் கட்டத்துல உங்க பங்குன்னு ஒரு எண் இருக்கும். ஆஸ்பத்திரி பில்லும் அந்த எண்ணும் ஒத்துப்போற வரைக்கும் ஒரு டாலரும் கட்டாதீங்க. கூடவே ஐட்டமைஸ்டு பில், அதாவது ஒவ்வொரு செலவையும் தனித்தனியா எழுதின பில், கேளுங்க. என்னோடதுல கழுத்துப் பட்டை ரெண்டு தடவை ஏறியிருந்தது. எனக்கு இருக்கறது ஒரு கழுத்துதான்னு போன்ல சொன்னேன், அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே ஒண்ணை எடுத்துட்டா.

ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டின பணத்தைப் பின்னாடி எதிராளி இன்சூரன்ஸ் தர்ற செட்டில்மென்ட் தொகையிலேர்ந்து திருப்பிக் கேக்கும். சப்ரகேஷன்னு பேரு. பேரம் பேசிக் குறைக்கலாம், ஆனா இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கணும், செக் வந்ததும் முழுசா செலவு பண்ணிடக்கூடாது. அதே மாதிரி, விபத்து நடந்து 72 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரியில அட்மிட் ஆனவங்க விஷயத்துல ஆஸ்பத்திரிலேர்ந்து லீன் நோட்டீஸ், அதாவது தன் பாக்கிக்கு உரிமை கோர்ற கடுதாசி, வரலாம். அது உங்க வீட்டு மேலயோ சம்பளத்து மேலயோ இல்ல, எதிராளி தரப்போற பணத்து மேல.

எதிராளியோட இன்சூரன்ஸ் கம்பெனியில கிளெய்மைப் பாக்கற அட்ஜஸ்டர் தேன் ஒழுகப் பேசுவார். "எப்படி இருக்கீங்க?"ன்னு ஆரம்பிப்பார். நமக்கோ, கால் உடைஞ்சு கிடந்தாலும் "நல்லா இருக்கேன்"னு சொல்ற வாய். அது ரெக்கார்ட் ஆகும். ரெக்கார்டட் ஸ்டேட்மென்ட் அவங்களுக்குக் கொடுக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. உங்க சொந்தக் கம்பெனிக்குத்தான் ஒத்துழைக்கணும். முதல் வாரத்துலயே ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ தர்றேன்னு ரிலீஸ் அனுப்பினா தொடாதீங்க. கழுத்து வலி மூணு மாசம் கழிச்சுக் கைக்கு இறங்கினவங்களை நான் பாத்திருக்கேன். டெக்சாஸ்ல வழக்குப் போட ரெண்டு வருஷம் இருக்கு.

வக்கீல் வேணுமான்னு கேப்பீங்க. வலி ரெண்டு மாசத்துல போய், பில்லும் சின்னதுன்னா நீங்களே பேசி முடிக்கலாம். ஊசி, ஆபரேஷன்னு பேச்சு வந்தா வக்கீல் பாருங்க. ஜெயிச்சா மூணுல ஒரு பங்கு எடுத்துக்கறதுதான் பொதுவான வழக்கம். தானா போன் பண்ணி "நாங்க பாத்துக்கறோம்"னு வர்றவங்க வேண்டாம். அப்படி ஆள் பிடிக்கறது இந்த மாநிலத்துல குற்றம். இன்னொண்ணும் மனசுல இருக்கட்டும்: டெக்சாஸ்ல ஒரு ஆளுக்கு 30,000 டாலர்தான் குறைஞ்சபட்ச கவரேஜ். இடிச்சவர் அதோட நிறுத்தியிருந்தா, அதுக்கு மேல, இடிச்சவரோட இன்சூரன்ஸ் பத்தாதப்போ உங்க சொந்த பாலிசி தர்ற அண்டர்இன்ஷூர்டு கவரேஜ்தான் கைகொடுக்கும். அதுவும் பிஐபி மாதிரிதான், எழுதிக் கொடுத்திருந்தாத்தான் இல்லாம போகும்.

இதுக்கு நடுவுல கலெக்‌ஷன் கடுதாசி வந்துட்டா, 30 நாளுக்குள்ள எழுத்துல மறுப்பு அனுப்புங்க. இப்ப கிரெடிட் ரிப்போர்ட்ல மருத்துவக் கடன் ஏற ஒரு வருஷம் அவகாசம் உண்டு, 500 டாலருக்குக் கீழ ஏறவே ஏறாது. என் காலத்துல இது இல்ல, அதான் அந்த அழுகை.

ஒரு ஸ்பைரல் நோட்டு வாங்குங்க. ஒவ்வொரு காலுக்கும் தேதி, பேசினவர் பேரு, ரெஃபரன்ஸ் நம்பர், என்ன சொன்னாங்க. ஆறாவது கால்ல "அப்படி யாரும் சொல்லலையே"ன்னு ஆரம்பிக்கறப்போ, பக்கத்தைத் திருப்பி அவங்க பேரையே படிச்சுக் காட்டலாம்.

நாளைக்குக் காலையில முதல் கால் உங்க ஆட்டோ இன்சூரன்ஸுக்கு. அதுக்கும் முன்னாடி, மனைவிக்கு இன்னும் வலி இருந்தா டாக்டர் அப்பாயிண்ட்மென்ட் போடுங்க. வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்கிட்டு ரெண்டு மாசம் டாக்டரைப் பாக்காம இருந்தா, "அப்ப வலி இல்லைன்னுதானே அர்த்தம்"னு அட்ஜஸ்டர் எழுதி வச்சுக்குவார். பிஐபி இருக்கா இல்லையான்னு தெரிஞ்சதும் எழுதுங்க, அடுத்தது என்னன்னு பாப்போம்.