மியூனிக்கில் மகளுக்கு ஓர் அறை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மகளுக்கு முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்த செய்தி எனக்கும் மகிழ்ச்சி அளித்தது. இணையத்தில் பார்த்த 450 யூரோ அறைக்கு 1,350 யூரோ முன்பணத்தை இந்த வாரமே அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தனிக் குடியிருப்பு, வெளியூரில் இருக்கும் உரிமையாளர், பணம் வந்ததும் கூரியரில் சாவி என்று அறையை விளம்பரம் செய்தவர் சொல்லும் மூன்றுமே மோசடிக்காரர்கள் வழக்கமாகச் சொல்பவை. அவர் அனுப்பிய கடவுச்சீட்டு நகலும் எதற்கும் சான்றாகாது, ஏனெனில் அது முன்பு ஏமாந்த ஒருவருடையதாகவே இருக்கலாம். மகளின் கடவுச்சீட்டு நகலையும் அவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஜெர்மானியச் சட்டப்படி முன்பணம், வெப்பமூட்டும் செலவு முதலியவை சேராத அடிப்படை வாடகையைப் போல மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று மாதத் தவணைகளாகக் கட்டும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. முதல் தவணையே குடித்தனம் தொடங்கும்போதுதான் செலுத்த வேண்டியதாகிறது. ஆகவே, அறையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் முழுத் தொகையையும் கேட்பவரை மறுக்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

இனிச் செலவைப் பார்ப்போம். விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்ட் என்ற வங்கிக் கணக்கில் நீங்கள் கட்டும் 11,904 யூரோவிலிருந்து மாதம் 992 யூரோதான் மகளின் கைக்கு வரும். இது ஜெர்மனி முழுமைக்கும் பொதுவான தொகை. மியூனிக்கோ அந்நாட்டிலேயே வாடகை மிகுந்த நகரம். பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறைக்கே சுமார் 800 யூரோ ஆகிறது. மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 140 யூரோ போனால், மிஞ்சுவதில் ஒரு மாதச் சாப்பாட்டை நடத்த முடியாது. பகுதிநேர வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் இந்தக் கணக்கைச் சரிக்கட்டாதீர்கள். முதல் பருவத்தில் அவள் படிப்பில் காலூன்ற வேண்டும்.

எனவே முதல் முயற்சி மாணவர் நல அமைப்பான ஸ்டுடியரண்டன்வெர்க் நடத்தும் விடுதிகளாக இருக்கட்டும். வாடகை வெளிச் சந்தையைவிட மிகக் குறைவு; காத்திருப்போ நீளம். மியூனிக்கின் ஃப்ரைமான் பகுதியில் உள்ள மிகப் பெரிய மாணவர் குடியிருப்பில் 2021 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு பல அறைகள் நெடுங்காலம் பூட்டிக் கிடந்ததால் நெருக்கடி இன்னும் கூடியது. சேர்க்கைக் கடிதம் கையில் இருப்பதால் இன்றே விண்ணப்பியுங்கள். தேவாலய அமைப்புகள் நடத்தும் விடுதிகளுக்குத் தனித்தனியாக எழுத வேண்டும். பெண்களுக்கு மட்டுமான விடுதி உண்டா என்றும் கேளுங்கள்.

தேடலை நகரத்துக்குள் மட்டும் சுருக்க வேண்டாம். அவளுடைய வகுப்புகள் கார்ஹிங் வளாகத்தில் என்றால் யூ6 மெட்ரோ அங்கேயே போகிறது. ஃப்ரைசிங், டாஹாவ் போன்ற ஊர்களும் ரயில் தொடர்பு உள்ளவையே. அறையிலிருந்து வளாகம் போக ஆகும் நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்; இரவில் நிலையத்திலிருந்து வீடு வரை நடக்கும் பாதையை அவள் ஒருமுறை நேரில் நடந்து பார்க்கட்டும்.

முதல் சில வாரங்களுக்குத் தற்காலிக இடம் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து நேரில் தேடுவதே என் பரிந்துரை. விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவர்கள் தங்கள் அறையை உள்வாடகைக்கு விடுவது அங்கே வழக்கம். அப்படி எடுத்தால் வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பதால், அதற்கான சான்றில் வீடு கொடுப்பவர் கையெழுத்திடுவாரா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். "இங்கே பதிய முடியாது" என்பவரின் அறை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். முகவரிப் பதிவு இல்லாமல் வசிப்பு அனுமதி வேலைகள் தடைப்படும்.

ஒப்பந்தம் வந்ததும், வெப்பமூட்டல், தண்ணீர், இணையம் ஆகியவை வாடகையில் அடங்குமா என்று பாருங்கள். வீட்டுக்கு ஒன்றாக வசூலிக்கப்படும் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணமான மாதம் 18.36 யூரோவை உடன் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்ளலாம். மகள் அங்கே சேர்ந்த பின் மாணவர் நல அமைப்பின் சட்ட ஆலோசனையை அணுகலாம். அதுவரை எந்த ஒப்பந்தம் வந்தாலும், கையெழுத்துக்கு முன் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து படித்துப் பார்ப்போம்.