அணை நிறைந்தால் போதுமா? பினாங்குத் தண்ணீர் பற்றிக் கேள்வி பதில்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே உள்ள பெருநிலத்தில் ஒரு நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தண்ணீர் பற்றி என்ன கேட்டாலும் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன் என்றேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

ஆயர் ஈத்தாமிலிருந்து: ஐயா, அணையில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்கிறார்கள். எங்கள் 15வது மாடியில் மாலை ஆனால் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. ஏன்?

களஞ்சியம் நிறைய நெல் இருக்கலாம். மில்லில் ஒரு நாளைக்கு எவ்வளவு அரைக்க முடியுமோ அவ்வளவுதான் அரிசி. அணை களஞ்சியம், சுத்திகரிப்பு நிலையம் மில். மெங்குவாங் அணையைப் பெரிதாக்கிய பிறகு அதன் கொள்ளளவு சுமார் 8,640 கோடி லிட்டர். ஆனால் நம் மாநிலத்தின் பெரிய நிலையமான சுங்கை டுவாவால் ஒரு நாளைக்குச் சுமார் 120 கோடி லிட்டர்தான் சுத்தம் செய்ய முடியும். தீவுக்கு அந்தத் தண்ணீர் கடலுக்கடியில் போட்ட குழாய்கள் வழியாக வருகிறது. மாலையில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் அழுத்தம் குறையும். அப்போது உங்கள் கட்டடத்தின் கீழ்த் தொட்டி நிரம்பாது, பம்பு மேல் தொட்டிக்கு ஏற்றவும் வழியில்லை. முதலில் நிர்வாகத்திடம் சொல்லி அந்தக் கீழ்த் தொட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்து காவானிலிருந்து: அண்ணே, இங்கே தொழிற்சாலையும் வீடும் எழும்பிக்கொண்டே போகிறது. தண்ணீர் போதுமா என்பதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

சராசரியை வைத்துப் போடக்கூடாது தம்பி. வருஷத்தில் அதிகம் செலவாகும் நாளை வைத்துப் போட வேண்டும். நிலையங்களால் 100 பங்கு தர முடியும், உச்ச நாளில் 90 பங்கு செலவாகிறது என்றால் கையிருப்பு 10 விழுக்காடு. அந்த இடைவெளி சுருங்கினால் ஒரு பம்பு பழுதானாலும் ஊர் தவிக்கும். நிலம், குழாய் வழி, ஒப்பந்தம், கட்டுமானம் என்று ஒரு நிலையம் எழும்பப் பல வருஷம் ஆகும். வீடு கட்ட அனுமதி கொடுக்கும் அன்றே நிலையத்துக்கும் அடிக்கல் நட்டிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து: மழை பெய்தால்தான் தண்ணீர் தடைபடுகிறது. இது என்ன நியாயம்?

நல்ல கேள்வி அம்மா. பக்கத்து மாநிலமான கெடாவின் மலைப்பக்கம் கனமழை பெய்தால், நாம் தண்ணீர் எடுக்கும் சுங்கை மூடா ஆறு தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வரும். அப்போது நாங்கள் ஆறு கண்ணாடிக் குவளைகளில் ஆற்றுத் தண்ணீரை வரிசையாக வைப்போம். ஒவ்வொன்றிலும் படிகாரத்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போய், முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் கலக்குவோம். கொஞ்ச நேரத்தில் சேறு திரண்டு, பால் திரிந்த மாதிரி துணுக்குத் துணுக்காகக் கீழே இறங்கும். எந்தக் குவளை முதலில் தெளிகிறதோ அந்த அளவைத்தான் நிலையத்தில் கலப்போம். சேறு மிகுந்தால் தொட்டியில் படியவும் நேரமெடுக்கும், மணல் வடிகட்டியும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதைக் கழுவக் கழுவ உற்பத்தி குறையும். ஆறு நிறைந்து ஓடும்போது தண்ணீர் குறைவது இதனால்தான்.

பட்டர்வொர்த்திலிருந்து: 2024 தைப்பூசத்துக்கு முன்பு நான்கைந்து நாள் பட்ட பாடு மறக்காது. சில வால்வு மாற்ற மாநிலமே காய வேண்டுமா?

ஜனவரி 10 முதல் 14 வரை நடந்த வேலை அது. சுங்கை டுவாவில் பழைய பெரிய வால்வுகளில் கசிவு இருந்தது. அவை தானாக உடைந்திருந்தால் நாள் குறிக்காமல் இதைவிடப் பெரிய தடை வந்திருக்கும், அதனால் வேலை அவசியம்தான். ஆனால் ஒரே நிலையத்தை இவ்வளவு நம்பியிருந்தால், அதை நிறுத்தும்போது கைகொடுக்க இன்னொன்று இருக்காது. எனக்கு வலிப்பது அதுதான்.

பிறையிலிருந்து: கெடாவை எத்தனை நாளைக்கு நம்புவது? பேராக் தண்ணீர் வருமா?

நம் ஆற்றுநீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. மெங்குவாங் அணையையே அந்த ஆற்றிலிருந்து பம்பு வைத்துத்தான் நிரப்புகிறோம். அதனால் அந்த ஆறு பிறக்கும் கெடாவின் உலு மூடா காட்டில் மரம் வெட்டினால் அது பினாங்குக்காரர்களின் கவலையும்கூட. தெற்கே பேராக் மாநிலத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தைப் பத்து வருஷத்துக்கு மேலாகப் பேசுகிறார்கள். இரண்டாவது ஆறு நமக்கு வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

தண்ணீர்மலைச் சாலையிலிருந்து: நம் முருகன் கோயில் பக்கத்து அருவித் தண்ணீர் இன்னும் குடிநீராகிறதா?

ஆகிறது. பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காவுக்குள் சின்ன சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அளவு கொஞ்சம்தான்.

ஜெலுத்தோங்கிலிருந்து: வீட்டில் நாங்கள் மிச்சப்படுத்தி என்ன ஆகப்போகிறது?

நாட்டிலேயே தலைக்கு அதிகமாக வீட்டுத் தண்ணீர் செலவழிக்கும் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 270 லிட்டருக்கு மேல். எல்லோரும் கொஞ்சம் குறைத்தால் உச்ச நாள் கணக்கே இறங்கும். இன்றிரவு ஒன்று செய்யுங்கள் அக்கா. தூங்கப்போகும்போது எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்து வையுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் முதலில் கழிப்பறைத் தொட்டியின் மிதவையைப் பாருங்கள், அப்புறம் கூரைத் தொட்டி. பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான்.