கேள்வி – பதில்: ஓவியப் பாடவேளை யாருக்கு உரியது?

கேள்வி: என் மகன் 7ஆம் வகுப்பு படிக்கிறான். வாரத்தில் ஒரு பாடவேளை ஓவியத்துக்கு உண்டு. தேர்வு நெருங்கினால் அதைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள். கேட்டால், “கலையை இனிப் பாடத்தோடு இணைத்தே நடத்தப்போகிறோம், தனி வகுப்பு எதற்கு?” என்கிறார்கள். இது சரிதானா? கலை என்று நேரத்தைக் கொடுத்தால் படிப்பு பின்தங்காதா?
– வாசகி, மண்டபம்

பதில்: சரியில்லை என்றே சொல்வேன். கலையைப் பாடத்தோடு இணைக்க வேண்டுமானால், முதலில் கலையைக் கலையாகப் பழக ஒரு நேரம் வேண்டும். கோடு போட்டுப் பழகாத பிள்ளையிடம் அறிவியல் வகுப்பில் இலையை வரையச் சொன்னால், அவன் புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைவானே ஒழிய, கையில் இருக்கும் இலையைப் பார்க்க மாட்டான். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடங்களின் நடுவிலேயே வைத்தது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட (அதாவது, பாடத்திட்ட) வடிவமைப்பும் 10ஆம் வகுப்பு வரை கலை கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடந்துவரும் கலைத் திருவிழாவை நான் மனமார வரவேற்கிறேன். ஆனாலும் மேடையேறுகிறவர்கள் சிலர்தாம். மேடையேறாத பிள்ளைக்கும் உரியது, வாரந்தோறும் வரும் அந்த ஒரு பாடவேளை. அதை இழக்க நீங்கள் சம்மதிக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லுங்கள்.

படிப்பு பின்தங்குமா என்ற உங்கள் கவலைக்கு, உங்கள் ஊர்க் கரையில் உலரும் வலையையே எடுத்துக்கொள்வோம். 7ஆம் வகுப்புக் கணக்கில் சாய்சதுரத்தின் பரப்பளவு வருகிறது. மூலைவிட்டங்களின் பெருக்கற்பலனில் பாதி என்பதைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். வலையின் ஒவ்வொரு கண்ணியும், நான்கு முடிச்சுகளுக்கு நடுவே நிற்கும் ஒரு சாய்சதுரம். முடிச்சுக்கு முடிச்சு 5 செ.மீ. உள்ள ஒரு கண்ணியை, இழுத்த நிலையிலும், கொஞ்சம் தளர்த்திய நிலையிலும், முழுதாகத் திறந்த நிலையிலுமாகப் பார்த்து, அளந்து, மூன்று படங்களாக வரையச் சொல்லுங்கள். மூலைவிட்டங்கள் 9.6 செ.மீ., 2.8 செ.மீ. என்று இருக்கும்போது பரப்பு 13.44 சதுர செ.மீ.; 8, 6 என்று ஆகும்போது 24; சதுரமாகத் திறந்து நிற்கும்போது 25. நூல் அதே 20 செ.மீ. நூல்தான், திறப்பு மட்டும் ஏறக்குறைய இரு மடங்காகிவிடுகிறது. வலையை மேல்கயிற்றில் கோக்கும்போது எவ்வளவு சுருக்கிக் கட்ட வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் கைக்கணக்காகப் பார்ப்பது இந்தத் திறப்பைத்தான் என்பது, வரைந்து பார்த்த பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே விளங்கும்.

அதே வலை ஓவிய வகுப்புக்கும் போகட்டும். மடிந்து கிடக்கும் இடத்தில் கண்ணிகள் எப்படி நெருங்குகின்றன, நிழல் விழும் இடத்தில் நூலின் நிறம் என்னவாகிறது என்பவை கணக்கு ஆசிரியர் கேட்காத கேள்விகள். அவற்றைக் கேட்கத்தான் தனிப் பாடவேளை வேண்டும் என்கிறேன்.

கேள்வி: நான் சமூக அறிவியல் ஆசிரியர். எனக்குப் பாடவும் வராது, வரையவும் வராது. பாடங்களைப் பாட்டாக்கி நடத்தும்படி பயிற்சியில் சொன்னார்கள். என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?
– ஆசிரியர், சாயல்குடி

பதில்: ஆண்டுகளையும் தலைநகரங்களையும் மெட்டில் போட்டால் நினைவில் நிற்கும், சின்ன வகுப்புகளுக்கு அது நல்லதுதான். ஆனால், மெட்டை எடுத்துவிட்டாலும் பாடம் அப்படியே இருக்கிறது என்றால், அங்கே கலை எதையும் கற்பிக்கவில்லை என்று பொருள். நீங்கள் பாட வேண்டியதில்லை. பிள்ளைகளைப் பார்க்க வைத்தால் போதும்.

ராமநாதபுரத்தில் ராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கிறது. அதன் சுவர்களிலும் கூரையிலும் அந்தச் சீமையை ஆண்ட சேதுபதி மன்னர்களின் 18ஆம் நூற்றாண்டுக் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. ராமாயணக் காட்சிகளோடு, தஞ்சை மராட்டியருடன் நடந்த போரும், மன்னரை ஐரோப்பியர் வந்து காண்பதும் அங்கே தீட்டப்பட்டுள்ளன. முதலில் வரலாற்றைச் சொல்லிவிடாதீர்கள். யார் அமர்ந்திருக்கிறார், யார் நிற்கிறார், யாரை ஓவியர் பெரிதாக வரைந்திருக்கிறார், வந்தவர் உடை எப்படி வேறுபடுகிறது என்று பிள்ளைகள் பார்த்து எழுதட்டும். ஒரு மூலையையாவது பென்சிலால் வரைந்து எடுக்கட்டும். அதற்குப் பிறகு, இதைத் தீட்டச் சொன்னவர் யார், தோற்றவர்கள் தீட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று கேளுங்கள். ஒரு சான்றை எப்படி எடைபோடுவது என்ற வரலாற்றுப் பாடத்தின் உயிரான பயிற்சி அதில் அடங்கிவிடும்.

உங்கள் பள்ளித் தமிழாசிரியரிடமும் ஒன்று சொல்லுங்கள். கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு தெரிந்த முதியவர்கள் கடலோர ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஏற்றுப் பாடும்போது எல்லோருடைய இழுப்பும் ஒன்றாக விழும். அவர்களில் ஒருவரை வகுப்புக்கு அழைத்துப் பாடச் சொல்லி, பிள்ளைகள் எழுதி எடுத்து, கயிறு எந்த அசையில் இழுபடுகிறது என்று குறித்தால், யாப்பில் சீரும் அசையும் எதற்கு என்பது தோளுக்கே தெரிந்துவிடும். ஆண்டு விழாவில் மீனவர் வேடம் போட்டு, அட்டைத் துடுப்போடு ஆடவைப்பதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல். அந்த வேடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கடலுக்குப் போகிறவரின் பிள்ளையே, தன் வீட்டுத் தொழிலைப் பொம்மையாகப் பார்க்க அங்கே பழகுகிறது.

கேள்வி: அப்படியானால் கலைக்கும் மதிப்பெண் போட வேண்டுமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: அழகாக இருக்கிறதா என்பதற்குப் போட வேண்டாம். ஆண்டு முழுவதும் வரைந்தவற்றை ஒரு கோப்பில் தேதியிட்டுச் சேர்த்துவைத்து, ஜூனில் வரைந்த வலையையும் மார்ச்சில் வரைந்த வலையையும் பெற்றோர் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும்.